புதுச் சாலைக்குக் கோடு இழுக்கும் முன்: மலைப் பள்ளத்தாக்கும் நம் கடற்கரையும்

3 ஜூலை 2025

வாசகர் கேள்வி: “இமயமலையில் சாலை வெட்டினால் மலை சரியும். அங்கே நில அமைப்பை ஆராய்வது நியாயம். கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊர் தட்டை நிலம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மீன் இறங்குதளத்துக்கு ஓர் இணைப்புச் சாலை கேட்டுப் பல ஆண்டுகளாக அலைகிறோம். வரப்போகும் நேரத்தில் நிலவடிவம், ஆபத்து மதிப்பீடு என்றெல்லாம் எழுதினால் வேலைதான் தள்ளிப்போகும். மண்ணைப் பரிசோதித்து, கிராவல் அடித்து, தார் போட்டால் போதாதா?”

3 ஜூலை, இரவு

போதாது.

பத்ரிநாத் சாலை வேலையில் அளவைக் குழுவோடு சில காலம் இருந்தவன் நான். முதலில் அளவுகோல் பிடிக்கும் ஆளாக, பிறகு லெவல் எடுக்கும் (நிலத்தின் உயர மட்டம் அளக்கும்) ஆளாக. எங்களோடு வந்த நிலவியலாளர் ஒருவர், ஒவ்வொரு சமதளத்திலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்: “இதை இங்கே கொண்டுவந்து போட்டது எது?” அலகநந்தா ஓடும் பள்ளத்தாக்கு குறுகலானது, இரு பக்கமும் செங்குத்து. அங்கே ஒரு பஸ் நிலையம் கட்டும் அளவுக்குச் சமமான இடம் கிடைத்தால், அதைக் கொண்டுவந்து போட்ட ஏதோ ஒன்று இருந்தே தீரும். கிளையோடை (அங்கே கதேரா என்பார்கள்) பெருமழையில் கல்லும் சேறுமாக இறங்கி விசிறி போலப் பரப்பியதாக இருக்கும். அல்லது ஆறு முன்பு உயரத்தில் ஓடியபோது விட்டுச்சென்ற படிமேடாக இருக்கும். அல்லது எப்போதோ சரிந்து வந்து நின்றுவிட்ட மலையின் முதுகாக இருக்கும். மூன்றின்மேலும் வீடு கட்டியிருப்பார்கள், கோதுமை விதைத்திருப்பார்கள். பார்வைக்கு மூன்றும் ஒன்று. சாலைக்கு மூன்றும் வேறு வேறு.

பத்ரிநாத் சாலையில் உள்ள ஜோஷிமட் மூன்றாவது வகை. பழைய சரிவுக் குவியல்மேல் நிற்கும் ஊர் அது என்று 1976-இலேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எழுதிக் கொடுத்தது. அடிவாரத்துப் பாறைகளைப் பெயர்க்காதீர்கள், வெடி வைக்காதீர்கள் என்றும் சொன்னது. 2023 ஜனவரியில் அங்கே வீட்டுச் சுவர்கள் பிளந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

நம் ஊர்த் தட்டை நிலத்திடமும் அதே கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறேன்.

4 ஜூலை

மண் பரிசோதனை அறிக்கையில் இதெல்லாம் வந்துவிடாதா என்று ஒரு தம்பி கேட்கிறார். வராது. துளை போட்ட இடத்தில், அந்தத் துளைக்குள் இருப்பதை அது சொல்லும்: எத்தனை மீட்டரில் மணல், எத்தனை மீட்டரில் களி, எவ்வளவு பாரம் தாங்கும். பக்கத்து ஓடை எந்த ஐப்பசியில் இடம் மாறும் என்பதை எந்தத் துளையும் சொல்லாது.

6 ஜூலை

மலையில் எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று இருவர் கேட்டிருப்பதால் விரித்து எழுதுகிறேன்.

முதலில் கல்லின் அளவு. இன்றைக்கு முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் ஓடையின் விசிறியில் லாரி அளவுப் பாறை கிடந்தால், அந்த ஓடை இன்னொரு முகத்தையும் வைத்திருக்கிறது என்று பொருள். பிறகு மரங்கள். அடிமரம் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால், சரிவு மெல்ல நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரே மட்டத்தில் வரிசையாக நீர் கசிந்தால் அந்தக் கோட்டுக்கு மேலே தண்ணீர் இறங்குகிறது, கீழே இறங்க முடியவில்லை. வெட்டுவதானால் அங்கேதான் பயப்பட வேண்டும். சரிவின் உச்சியில் பிறை வடிவ வெடிப்பு உண்டா, அடிவாரத்தை ஆறு அரிக்கிறதா என்று கடைசியில் பார்ப்பார்கள். சாலை போடுகிறவர்கள் வழக்கமாக வெட்டுவது அடிவாரத்தைத்தான். மேலே உள்ள பாரத்தைத் தாங்கி நிற்பதும் அதுதான்.

வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்பது அடுத்த கேள்வி. ஆற்றுப் பக்கம் தள்ளிவிட்டால் ஆறு ஒதுங்கி எதிர்க்கரையை அரிக்கும். நான் இருந்த இடத்தில் அப்படித் தள்ளப்பட்டதைப் பார்த்தேன். அடுத்த பருவத்தில் எதிர்க்கரையில் இருந்த வயல் போயிற்று.

பள்ளத்தாக்குக்குப் பழைய கணக்கும் உண்டு. 1893-இல் அலகநந்தாவின் துணையாறான பிரஹி கங்கையில் மலை சரிந்து ஆற்றை அடைத்து, கோனா ஏரி உருவாயிற்று. ஆங்கிலேயப் பொறியாளர்கள் அளந்து, எப்போது உடையும் என்று கணித்து, தந்திக் கம்பி இழுத்து, கீழே இருந்த ஊர்களைக் காலி செய்தார்கள். 1894 ஆகஸ்டில் அது உடைந்தது. ஸ்ரீநகர் (காஷ்மீரில் இருப்பது வேறு, இது அலகநந்தாக் கரையில் உள்ள ஊர்) அழிந்தது, மக்கள் பெரும்பாலும் தப்பினார்கள். எஞ்சிய ஏரி 1970 வெள்ளத்தில் போயிற்று. அந்த வெள்ளத்தில் பேலாகுச்சி என்ற சாலையோரக் கடைத்தெரு, நின்றிருந்த பஸ்களோடு அடித்துச் செல்லப்பட்டது. அளந்தவர்கள் இருந்த ஆண்டில் உயிர் பிழைத்தது. எழுபத்தாறு ஆண்டு கழித்து ஆற்றங்கரையில் கடை வைத்திருந்தவர்களுக்கு அந்த நினைவு போய்ச் சேரவே இல்லை.

6 ஜூலை, பிற்பகல்

ஐரோப்பாவிலும் இதுதானா என்று கேட்டவருக்கு: ஆல்ப்ஸ் மலையில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஊர்வாரியாக ஆபத்து வரைபடம் வைத்திருக்கிறார்கள். சிவப்பில் கட்டக் கூடாது, நீலத்தில் நிபந்தனையோடு கட்டலாம், மஞ்சளில் எச்சரிக்கை. 2025 மே 28 அன்று பிளாட்டன் என்ற கிராமத்தின்மேல் பனியாறும் பாறையும் சேர்ந்து விழுந்து ஊரே புதைந்தது. மலை அசைவதை முன்பே கவனித்து, சுமார் 300 பேரை வெளியேற்றியிருந்தார்கள். ஊர் போயிற்று, ஒருவரைத் தவிர எல்லோரும் பிழைத்தார்கள்.

11 ஜூலை

இனி நம் கடற்கரை. கேள்வி கேட்டவரும் நானும் போனில் பேசிக்கொண்டு, சாலை வரப்போகும் கோட்டில் அவர் நடந்தார், நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். நானும் இதே கடற்கரைக்காரன் என்பதால் அவர் சொல்லச் சொல்ல இடம் கண்ணில் தெரிந்தது.

பெரிய சாலையை விட்டு இறங்கியதும் கடைசிக் கண்மாய் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர் பரவும் தாழ்ந்த வயல். அதை அடுத்து வெள்ளை பூத்த களர்த் தரை. பிறகு பனைமரங்கள் நிற்கும் மணல் மேடு. ஊரின் பழைய வீடுகளும் கோயிலும் அதன்மேல்தான். மேட்டைத் தாண்டினால் தாழையும் உடைமரமும் நிற்கும் பள்ளம். பிறகு அடும்புக்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த இளம் மணல் மேடு. அதற்கப்பால் கடல்.

எது போட்டது? வயலைக் கண்மாய்த் தண்ணீர் கொண்டுவந்த வண்டல் போட்டது. களர்த் தரை முன்பு கடல்நீர் வந்து தேங்கிய கழி. பனை நிற்கும் மேடு ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது, அலையும் காற்றும் போட்டது. உள்ளே ஒரு மேடு, நடுவே பள்ளம், வெளியே இன்னொரு மேடு: கடல் பின்வாங்கிய ஒவ்வொரு தடவையும் தன் பழைய கரையை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இனி முக்கியமான செய்தி. இரு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் மழைநீர் கடலை நோக்கி நேராக ஓடாது. வெளி மேடு மறிக்கும். அது கடற்கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் ஓடி, ஓடையின் முகத்துவாரத்தைத் தேடும். நீங்கள் கேட்கும் இணைப்புச் சாலை கடலை நோக்கி நேராக இறங்கி, அந்தப் பள்ளத்தைக் குறுக்கே வெட்டுகிறது. ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் கிராவல் கொட்டி, நடுவே இரண்டு குழாய் வைத்தால், அது சாலையாகவும் இருக்கும், கண்மாய்க் கரையாகவும் இருக்கும். மேற்குப் பக்கத்துக் குடியிருப்பில் தண்ணீர் ஏறும்.

12 ஜூலை

“இங்கே மழையே இல்லையே, யாருக்கு இந்தக் கணக்கு?” என்று எழுதியவருக்கு. நம் ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 80 செ.மீ. சொச்சம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. பாதி ஆண்டு மழை, ஒரே பகலில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 செ.மீ. அப்போது திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் போய்விட்டன. அதுவும் தட்டை நிலம்தான் ஐயா.

13 ஜூலை

தனுஷ்கோடியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். எழுதத் தயங்கினேன், எங்கள் வீட்டிலும் அந்த இரவைப் பற்றிய பேச்சு உண்டு. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ரயில் பயணிகளோடு கடலில் போயிற்று. ஊரும் போயிற்று. அதன்பின் அரைநூற்றாண்டுக்கு மேல் அங்கே ஒழுங்கான சாலை இல்லை, வேன்களில் மணலிலும் தண்ணீரிலும் போய் வந்தார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது.

அந்தச் சாலை ஓடுவது இரு கடலுக்கு நடுவே நீண்ட மணல் நாக்கின்மேல். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தெற்கிலிருந்து மணல் பறந்து தாரை மூடுகிறது, அள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மணல் நாக்கு உயிரோடு இருப்பதே அந்த அசைவினால்தான். தென் கடல் கொந்தளிக்கும்போது நீர் மேட்டைத் தாண்டி வடக்கே வழிய வேண்டும், வழியும்போது மணலை உள்ளே கொண்டுபோய்ப் போட வேண்டும். அப்படித்தான் மணல் நாக்கு தன் உயரத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. கல்லடுக்கிய உயரமான சாலை அந்த வழியை மறித்தால், ஒரு பக்கம் மணல் பட்டினி, மறுபக்கம் அலை கல்லில் மோதி அடியைத் தோண்டும். சாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே வலை போடுகிறவர்களுக்கு மருத்துவமனைக்குப் போக வழி வேண்டும். பராமரிப்பை ஒவ்வோர் ஆண்டும் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போடுங்கள் என்கிறேன்.

19 ஜூலை

உயரச் சாலையா, தாழ்ந்த சாலையா? பள்ளத்தின் குறுக்கே தரைப்பாலமாகப் போட்டு, வெள்ளம் வந்தால் மேலே ஓடட்டும் என்று விடுவதுதான் என் முதல் விருப்பம். மலையிலும் விசிறி ஓடையைக் கடக்கும்போது பல இடத்தில் இப்படித்தான் செய்வார்கள். கல்லும் சேறும் மேலே வந்து போகும், இயந்திரம் வைத்துத் தள்ளிவிட்டு மறுபடி போக்குவரத்து.

ஒரு சம்மாட்டியார் (படகு உரிமையாளர்) போனில் சொன்னதைக் கேட்டபின் அந்த விருப்பம் ஆட்டம் கண்டிருக்கிறது. “தம்பி, எங்களுக்குச் சாலை ரொம்ப அவசியமாக வேண்டியிருப்பது புயல் அன்றைக்குத்தான். அன்றைக்கு உன் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும். கிழவியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் எப்படி ஏற்றுவது?” மலையில் சாலை இரண்டு நாள் மூடிக் கிடந்தால் லாரிகள் காத்திருக்கும். இங்கே சாலைதான் தப்பிக்கும் வழி.

ஆகவே பள்ளத்தின் முழு அகலத்துக்கும் தூண்கள்மேல் திறந்த கண்களோடு சிறுபாலம். செலவு கூடும். குழாய் இரண்டு வைத்து மூடுவதைவிட இதற்காகத்தான் மன்றாட வேண்டும்.

20 ஜூலை

முகத்துவாரத்தைப் பற்றியும் சம்மாட்டியார்தான் சொன்னார். ஓடையின் வாய் கச்சான் காலத்தில் மணலால் மூடிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உடைத்துக்கொண்டு ஓடும், அல்லது ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு போய் வெட்டிவிடுவார்கள். உடையும் இடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவருடைய அப்பா காலத்தில் வாய் இருந்த இடத்தில் இப்போது படகு ஏற்றி வைத்திருக்கிறார்கள். இன்று வாய் இருக்கும் இடத்தை மட்டும் அளந்து பாலம் கட்டினால், நாளைக்கு அது வறண்ட மணலில் நிற்கும், ஓடை சாலையை வேறிடத்தில் அறுக்கும்.

இப்படிப்பட்ட செய்தியை எந்தச் சாலை அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. மலையிலும் ஆடு மேய்க்கும் பெரியவர்களைக் கேட்டால்தான் எந்தக் கதேரா எந்த வருஷம் வந்தது என்று தெரியும்.

2 ஆகஸ்ட்

ஜூலை 11 குறிப்பில் பனை மேட்டைப் பற்றி எழுதியதைத் தொடர்கிறேன். மேட்டின்மேலேயே சாலையைக் கொண்டுபோனால் வெள்ளப் பயம் இல்லையே என்று மூவர் எழுதியிருந்தார்கள். எனக்கும் அதுதான் நல்ல வழியாகத் தோன்றியது. கீழக்கரைக் காக்கா (அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர் எழுதிய இரண்டு வரி யோசிக்க வைத்துவிட்டது: “மேட்டில்தான் ஊற்று இருக்கிறது. அதன்மேல் ரோடு போட்டால் எதைக் குடிப்பது?”

சுற்றிலும் உப்புத் தண்ணீர் இருக்கும் நம் கடற்கரையில், மணல் மேட்டுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. பெண்கள் கைப்பள்ளம் தோண்டி, ஊறி வர வர அகப்பையால் மொண்டு குடம் நிரப்புவது அந்தத் தண்ணீரைத்தான். மேட்டை இரண்டடி சீவினாலும் மிதக்கும் நல்ல தண்ணீரின் பருமன் குறையும். தார் மூடிய இடத்தில் மழை இறங்காது. லாரி எண்ணெய் ஒழுகினால் நேரே கீழே போகும். காக்கா சொன்னது நியாயம். மேட்டைக் கடக்கலாம், மேட்டின் நெடுக ஓடக் கூடாது. கடக்கும் இடத்தையும் ஊற்றுகளை விட்டுத் தள்ளித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சட்டப்படியும் மணல் மேடு சாதாரண நிலம் கிடையாது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011-இலும் 2019-இலும் அதை மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில்தான் வைத்திருக்கிறது.

6 ஆகஸ்ட்

நேற்று தராலியில் நடந்ததைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. கங்கோத்ரி சாலையில் பாகீரதிக் கரையில் உள்ள ஊர். கீர் கங்கை என்ற ஓடை சேறும் கல்லுமாக இறங்கி விடுதிகளையும் வீடுகளையும் சில நொடிகளில் மூடிவிட்டது. ஓடியவர்களைக் காணொளியில் பார்த்தேன். இந்த இழையின் முதல் குறிப்பில் எழுதிய விசிறி அதுதான். அந்த ஓடை முன்பு கொண்டுவந்து போட்ட மண்ணின்மேல்தான் கடைத்தெரு நின்றது. சாலை வந்தது, யாத்திரை வந்தது, விடுதிகள் ஓடைக்கு இன்னும் நெருக்கமாகப் போயின.

நம் இணைப்புச் சாலைக்கும் இது பொருந்தும். சாலை மட்டும் வருவதில்லை. இரு பக்கமும் ஐஸ் கடை, டீக்கடை, வலைக் கிட்டங்கி, பிறகு வீடுகள் வரும். பள்ளம் பிளாட் ஆகும். சாலைக்குக் கோடு இழுப்பவர் ஊர் எங்கே வளரும் என்பதற்கும் சேர்த்தே கோடு இழுக்கிறார்.

9 ஆகஸ்ட்

கிராவல், சவுடு எங்கிருந்து வரும்? மலையில் வெட்டிய மண்ணை எங்கே போடுவது என்று திண்டாடினோம். இங்கே எங்கே தோண்டுவது என்பதுதான் தலைவலி. பக்கத்துக் கண்மாயின் உள்வாயில் முறையாகத் தூர் வாரி எடுத்தால் கண்மாய்க்கும் நல்லது. மடைக்கும் கரைக்கும் ஒட்டித் தோண்டினால் கரை பலவீனமாகும். மணல் மேட்டில் அள்ள எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் மண் எடுக்கும் இடத்தைப் புல எண்ணோடு எழுதச் சொல்லுங்கள்.

களர்த் தரையில் கட்டும் பாலத்துக்குக் கம்பியின்மேல் கான்கிரீட் மூடல் தடிமனாக வேண்டும், உப்பு சீக்கிரம் தின்றுவிடும். பொறியாளர்களுக்கு இது தெரியும், மேற்பார்வையில்தான் கோட்டை விடுகிறார்கள்.

16 ஆகஸ்ட்

நேற்றைய கிராம சபையில் கேள்வி கேட்ட நண்பரே மனுவை வாசித்தார். முதல் நாள் “தார் போட்டால் போதாதா” என்றவர், பள்ளத்தின் ஓட்டத்தை விளக்கும்போது தரையில் குச்சியால் வரைந்து காட்டினாராம். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

மனுவில் இருந்தவை: கோட்டின் இரு பக்கமும் போதிய தூரத்துக்கு லெவல் எடுத்து, பள்ளம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்ட வேண்டும். பழைய நில அளவை வரைபடத்தையும் பல ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு, ஓடை வாய் அலைந்த எல்லையைக் குறிக்க வேண்டும். ஊற்றுகளை வரைபடத்தில் ஏற்ற வேண்டும். இறங்குதளத்துக்குத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போடுவதானால் மணல் எந்தப் பக்கம் சேரும், எந்தப் பக்கம் அரிக்கும் என்று முன்பே சொல்ல வேண்டும். அரிக்கும் பக்கத்தில் சாலையின் முனை வந்து நிற்கக் கூடாது.

வந்திருந்த பொறியாளர் பொறுமையாகக் கேட்டாராம். லெவல் எடுக்கவும் ஊற்றுகளைக் குறிக்கவும் ஒப்புக்கொண்டார். தூண்கள்மேல் பாலத்துக்கு நிதி கிடைப்பது கடினம், நான்கு கண் பெட்டிப் பாலம்வரை முயலலாம் என்றார். பள்ளத்தின் அகலத்துக்கு நான்கு கண் போதுமா என்பதைத் தண்ணீர்க் குறி தெரியாமல் யாரும் சொல்ல முடியாது. நிபுணர் வைத்து மதிப்பீடு செய்ய வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின் கீழ் கட்டாயமும் இல்லை. சாலைகளில் அது தேசிய, மாநில நெடுஞ்சாலைகளைத்தான் பேசுகிறது, ஊர் இணைப்புச் சாலை அதற்குள் வராது. எனவே தண்ணீர்க் குறியை நாம்தான் எடுக்க வேண்டும்.

24 ஆகஸ்ட்

குறி எடுக்கும் முறை, கேட்டவர்களுக்காக: ஐப்பசி பிறக்கும் முன் பள்ளத்தின் நெடுக, சாலைக் கோட்டுக்கு இரு பக்கமும் பனைமரங்களிலும் வீட்டு மூலைகளிலும் பெயின்டால் அடிக் கணக்கு எழுதிவிடுங்கள். எழுதிய இடத்தின் மட்டத்தை லெவல் கருவியால் ஒரே ஆதாரப் புள்ளியோடு இணைக்க வேண்டும், அதற்கு நான் வருகிறேன். மழை பெய்யும்போது காலை, மாலை நீர் எட்டிய அளவைக் கைப்பேசியில் தேதியோடு படம் எடுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கு ஓர் ஓலைத் துண்டைப் போட்டுக் காணொளி எடுத்தாலே போதும். ஓடை வாய் எங்கே, எந்த நாளில் உடைகிறது என்பதையும் எழுதிவையுங்கள்.

மேற்குக் குடியிருப்பிலிருந்து இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை. தண்ணீர் ஏறப்போவது அந்தப் பக்கம்தான். அங்கே சொந்தம் உள்ளவர்கள் இந்த வாரத்துக்குள் இரண்டு பேரையாவது சேர்த்துவிடுங்கள். பெயின்டும் ஏணியும் என்னிடம் இருக்கின்றன.